கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

அந்த ஆளைப் பாக்காதீங்க, மிளகுக்காரரே. பாத்தா பாவமா இருக்கும், உக்காருங்கன்னு சொல்லத் தோணும். சொன்னாலும் உக்கார மாட்டாரு. பொழுது சாயற வரைக்கும் என் அறை வாசல்ல அப்படியேதான் நிப்பாரு. படகு ஆடினா கயித்தைப் பிடிச்சுக்குவாரு, அவ்வளவுதான். நீங்க இப்படி நிழலுக்கு வாங்க. நான் கிறிஸ்தவ சபைக்கு ஆயர்தான், ஆனா ஆயர் பக்கத்துல வேத்து நாட்டுக்காரர் உக்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதல.

உங்க யவன பாஷை பரவாயில்லையே. எங்க ஊர்ச் சந்தையில பேசறவனுங்களைவிடச் சுத்தமா இருக்கு. மிளகு வித்தாச்சு, நாளைக்கு ஒட்டகத்துறையில இறங்கிப் பாலைவனம் தாண்டிக் கடலுக்குப் போறீங்க, அங்க கப்பல் நிக்குது, காத்து திரும்பினா முசிறிக்குப் புறப்பாடு. படகுக்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அதான் உங்களைத் தேடி வந்தேன். எனக்கு ஒரு உதவி வேணும். அதைக் கடைசில சொல்றேன். முதல்ல அந்த ஆள் யாருன்னு சொல்லிடணும். இல்லன்னா என்னைக் கொடுமைக்காரன்னு நினைச்சுக்குவீங்க. இந்தப் படகுல பாதிப்பேர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கான்.

பேரு ஹோரியோன். எனக்கு அண்ணன் மாதிரி. மாதிரிதான், கூடப் பிறக்கல.

உங்க நாட்டுல பிள்ளை தங்காத வீட்ல குப்பைன்னு பேர் வைப்பாங்களாமே? எமன் திரும்பிப் பாக்காமப் போயிடுவான்னு. எங்க ஊர்ல குப்பைன்னா குப்பைதான். வேண்டாத குழந்தையை ஊர்க் குப்பைமேட்டுல போட்டுட்டுப் போயிடுவாங்க. யாராவது எடுத்து வளத்தா அதுக்குக் கொப்ரேஸ்னு பேரு. குப்பையில கிடந்தவன்னு அர்த்தம். நான் அப்படி ஒரு கொப்ரேஸ். எடுக்கறவங்க பெரும்பாலும் அடிமையாத்தான் வளப்பாங்க. ஹோரியோனோட அப்பா என்னைப் பிள்ளையா வளத்தாரு. அதை ஒண்ணைச் சொல்லியே ஊர் என் வாயை அடைக்கப் பாக்கும். சோறு போட்டாரு, இல்லன்னு சொல்லல. நாய்க்கும்தான் போட்டாரு.

இப்ப என் பேரு தெயோதோரன். கடவுள் குடுத்த கொடைன்னு அர்த்தம், திருமுழுக்குல வெச்ச பேரு. ஆளுநர்லருந்து அம்பட்டன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடறாங்க. அந்த ஒரு ஆள் மட்டும் இன்னும் கொப்ரேஸ்னுதான் கூப்பிடறாரு. அதுவும் எப்படி, ரொம்ப அன்பா. அதைத்தான் என்னால தாங்க முடியல.

கிழவர், அதான் ஹோரியோனோட அப்பா, பள்ளிக்கூடம் நடத்தினாரு. பெரிய கூடம், கல்தூணு, பழைய யவன ஞானிங்க சொன்னதெல்லாம் அங்க பாடம். ஆன்மான்னா என்ன, எல்லாத்தையும் அசைக்கிறது எது, அதை அசைக்கிறது எது, இப்படியே போகும். கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. கிழவர் அதுல உக்காந்து படிப்பாரு. யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டு வெச்சிருந்தாரு. ஹோரியோனோட அம்மா வெளிய நின்னு கத்துவாங்க, இவர் திறக்க மாட்டாரு.

அந்தப் பள்ளிக்கூடத்துல அடி கிடையாது, திட்டு கிடையாது. ஒரே ஒரு தண்டனைதான். பொய் சொன்னவன் கூடத்து வாசப்படிக்கு வெளிய நிக்கணும். பொழுது சாயற வரைக்கும். உண்மையைச் சொல்றேன்னு தோணிச்சுன்னா எப்ப வேணாலும் உள்ள வரலாம், எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு உக்காரலாம். சொல்லலயா, மறுநாளும் நிக்கணும். அதுக்கு மறுநாளும்.

நான் ஒரு தடவை விளக்கை உடைச்சுட்டுப் பூனை தட்டிச்சுன்னு சொன்னேன். வெளிய நிக்க வெச்சாங்க. நின்னுக்கிட்டு இருக்கேன், ஹோரியோன் வந்து பக்கத்துல நின்னாரு. நீ ஏண்டா நிக்கறேன்னு கிழவர் கேட்டதுக்கு, பூனையை நானும் பாத்தேன்னு சொல்லிட்டேன் அப்பா, அதான், அப்படின்னாரு. போற வர்றவன் எல்லாம் என்ன சொன்னான் தெரியுமா? பாரு, என்ன அருமையான அண்ணன்னு. வெயில்ல வெந்தது நானு, பேர் வாங்கினது அவரு. மறுநாள் நான்தான் உள்ள போய் உண்மையைச் சொன்னேன். அதை யாரும் இன்னைக்கு வரைக்கும் சொல்றதில்ல.

இருபது வயசுல நான் கிறிஸ்தவன் ஆனேன். கிழவர் அதுக்குள்ள செத்துட்டாரு, பள்ளிக்கூடம் ஹோரியோன் கைக்கு வந்துடுச்சு. அவர் என்னைத் தடுக்கல. தடுத்திருந்தாலாவது மரியாதையா இருந்திருக்கும். உக்காரு, பேசலாம்னாரு. விடியவிடிய வாதம். வாதத்துல நான் தோத்தேன். தோத்தா என் கடவுள் பொய்யாயிடுவாரா? அவருக்கு வாய் இருக்கு, எனக்கு நம்பிக்கை இருக்கு. வாய் இப்ப எனக்கும் இருக்குன்னு வெச்சுக்குங்க. என் பிரசங்கத்தைக் கேக்க மூணு ஊர்லருந்து வர்றாங்க. எல்லாத்தையும் அசைக்கிற, தான் அசையாத ஒண்ணுன்னு நான் ஆரம்பிச்சா கூட்டம் மூச்சு விடாது. அது அங்க படிச்சதுதானேன்னு ஒருத்தன் கேட்டான். நான் சொன்னேன், யவனங்க கிட்ட இருந்த நல்லதெல்லாம் ஆதியிலயே நம்மளுதுதான், தப்பா அவங்க வீட்ல கிடந்துச்சு, நாம எடுத்துக்கிட்டோம்னு. எப்படி?

சரி, விஷயத்துக்கு வர்றேன். அப்ப இருந்த சக்கரவர்த்திக்கு எங்களைக் கண்டா ஆகாது. ஊருக்கு ஊர் அதிகாரி வருவான், கோயில் முன்னாடி நெருப்பு மூட்டி உக்காருவான், ஊர்க்காரங்க பேரை ஒவ்வொண்ணாக் கூப்பிடுவான். கூப்பிட்டவன் வந்து ஒரு சிட்டிகை சாம்பிராணியை நெருப்புல போடணும், பலியிட்ட கறியில ஒரு துண்டு வாயில போட்டுக்கணும். அவ்வளவுதான். போட்டா வீட்டுக்கு, போடலன்னா சுரங்கத்துக்கு. சில பேரை அங்கயே வெட்டிட்டாங்க.

நான் சாகத் தயாரா இருந்தேன். இதை நல்லாக் கேட்டுக்குங்க. அதிகாரி முன்னாடி பேச ஒரு பேச்சே தயார் பண்ணி வெச்சிருந்தேன். அருமையான பேச்சு. கல்லும் கரையும். இப்பவும் மனப்பாடமா இருக்கு, வேணும்னா சொல்றேன். வேணாமா? சரி.

அன்னைக்குக் காலையில ஹோரியோன் வந்தாரு. கொப்ரேஸ், அந்த அறைக்குள்ள இரு, நான் கூப்பிடற வரைக்கும் வராதேன்னாரு. என்னை உள்ள தள்ளினாரு. கதவைச் சாத்தினாரு. தாழ்ப்பாள் விழுந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு. நான் என்ன செய்வேன்? பூட்டின அறைக்குள்ள இருக்கறவன் என்ன செய்ய முடியும்?

அங்க கோயில் வாசல்ல அவர் முதல்ல தன் பேருக்குப் போட்டாரு. அவருக்கு அந்தக் கல்லு சாமி மேல நம்பிக்கையும் கிடையாது, அது வேற. அப்புறம் தலையில துணியைப் போர்த்திக்கிட்டு மறுபடி வரிசையில நின்னிருக்காரு. கொப்ரேஸ்னு கூப்பிட்டதும் நான்தான்னு முன்னாடி போயிருக்காரு. அதிகாரி வெளியூர்க்காரன், அவனுக்கு யார் முகம் தெரியும்? தெரிஞ்ச உள்ளூர்க்காரங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. என் பேர்ல சாம்பிராணி எரிஞ்சுது, என் பேர்ல கறி தின்னாச்சு.

அவருக்கு அடுத்து நின்னவன் சில்வானன். எங்க சபையில வேதம் வாசிக்கிறவன், என் வயசுதான். அவன் போட மாட்டேன்னுட்டான். பேச்சு கீச்சு எதுவும் பேசல, தலையை மட்டும் ஆட்டினானாம். வலது கண்ணைத் தோண்டிட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பினாங்க.

நல்லா யோசிச்சுப் பாருங்க. ராஜா மாறினாரு. புது சக்கரவர்த்தி எங்க பக்கம். சில்வானன் திரும்பி வர்றான், ஊரே ஆத்தங்கரைக்குப் போகுது. பொம்பளைங்க அந்தக் கண்ணில்லாத குழியில முத்தம் குடுக்கறாங்க. என்னையும் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். எனக்கு என்ன இருக்கு? ரெண்டு கண்ணு இருக்கு. ரெண்டு கண்ணோட நடக்கறது எங்க சபையில எவ்வளவு கேவலம் தெரியுமா? கடவுளுக்காக வதைபட்டவனுக்குக் கிடைக்கிற அந்தக் கிரீடம் எனக்கு வர வேண்டியது. தட்டிப் பறிச்சது யாரு? அதோ நிக்கறாரே, அவருதான். உயிரைக் காப்பாத்தினாருன்னு ஊர் சொல்லும். யார் கேட்டா?

ஆனாலும் நான் உழைச்சேன். பழைய ஆயருக்குப் பேச வராது, நான்தான் பேசினேன். சபை பெருகிப் போச்சு, கூட இடமில்ல. ஆளுநர்கிட்டப் போய், அந்தப் பள்ளிக்கூடத்துக் கூடத்தைக் கோயிலாக்கித் தரணும்னு கேட்டேன். பொய் தெய்வங்களோட பாட்டைப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற இடம் ஊர் நடுவுல எதுக்குன்னு கேட்டேன். பேச்சுன்னா அதுதான் பேச்சு. ஆளுநர் அன்னைக்கே ஆள் அனுப்பிட்டாரு. ஹோரியோன் சண்டை போடல. பாடச் சுருளையெல்லாம் கழுதையில ஏத்திக்கிட்டுத் தெருக்கோடி வீட்டுக்குப் போனாரு. போகும்போது, நல்லா வாதம் பண்ணினியாமே, ஆளுநரோட எழுத்தர் சொன்னாருன்னு என் தோள்ல தட்டிட்டுப் போனாரு. திமிரு.

போன வருஷம் பழைய ஆயர் செத்துட்டாரு. அடுத்து யாருன்னு சபை கூடிச்சு. என்னை விட்டா ஆள் இல்ல. எல்லாரும் கையைத் தூக்கப் போறாங்க, ஒத்தக்கண் சில்வானன் எழுந்திரிச்சான். அன்னைக்கு என் முன்னாடிதான் கொப்ரேஸ்ங்கற பேருக்குச் சாம்பிராணி விழுந்துச்சு, விழுந்தது ஹோரியோன் கையிலருந்துன்னு எனக்குத் தெரியும், ஆனா தான் தப்பிக்க இன்னொருத்தனை அனுப்பினவனும் பலி போட்டவனும் ஒண்ணுதான், அது நம்ம சபையோட விதி, அப்படிப்பட்டவன் ஆயர் ஆகக் கூடாதுன்னான். நான் அனுப்பலன்னு சொன்னேன். என்னைப் பூட்டி வெச்சுட்டுப் போனாருன்னு சொன்னேன். அப்ப அவரையே கூப்பிட்டுக் கேப்போம்னான்.

கூப்பிட்டாங்க. ஹோரியோன் வந்தாரு. எந்தக் கூடத்துல அவர் அப்பா பாடம் சொன்னாரோ அதே கூடம். இப்ப பலிபீடம் இருக்கு, விளக்கு இருக்கு. அந்தச் சின்ன அறையில நாங்க எண்ணெயும் ரொட்டியும் வைக்கிறோம். ஹோரியோன் வாசப்படி தாண்டி உள்ள வந்து, ஆமா, போட்டது நான்தான், தம்பிக்குத் தெரியாது, அவனை அந்த அறையில வெச்சுப் பூட்டிட்டுப் போனேன்னு சொன்னாரு. சபை முழுக்க ஒரு பெருமூச்சு. அத்தோட விட்டிருக்கலாம். சில்வானன் விடல. எழுந்து அந்த அறைக்குப் போனான். கதவை ஆட்டினான், திரும்பி வந்தான்.

"தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கு"ன்னான்.

எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணு ஊர் கூட்டத்தைக் கட்டிப் போடற நாக்கு. அப்ப ஹோரியோன் என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரம் இல்ல, கொஞ்ச நேரம்தான். அப்புறம் சில்வானன் பக்கம் திரும்பினாரு.

"தாழ்ப்பாள் போடல. திரிகைக்கல்லை உருட்டிட்டு வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். உள்ளேருந்து கத்தினான், நான் திறக்கல."

பாத்தீங்களா! கல்லு! எனக்கு அது மறந்தே போயிருந்துச்சு. அவர் சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஆமா, திரிகைக்கல்லு ஒண்ணு இருந்துச்சு, பெரிய கல்லு. தாழ்ப்பாள் விழுந்த சத்தம்னு நான் இத்தனை வருஷமா நினைச்சது அந்தக் கல்லு உருண்ட சத்தமாத்தான் இருக்கும். கத்தினேன்னும் சொன்னாரு. கத்தியிருப்பேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அன்னைக்கே என்னை ஆயராக்கிட்டாங்க. தலையில கை வெச்சு ஜெபம் பண்ணினாங்க. சில்வானன் வைக்கல. அது போகட்டும். சடங்கு முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்றோம், வாசப்படிக்கு வெளிய ஹோரியோன் நிக்கறாரு. நல்ல வெயிலு. கூட்டம் போயிடுச்சு, அவர் போகல. பொழுது சாயற வரைக்கும் நின்னாரு. மறுநாள் காலையில வந்து மறுபடி நின்னாரு. அதுக்கு மறுநாளும்.

எங்க சபையில பாவம் செஞ்சவங்க கோயிலுக்கு வெளிய நின்னு, உள்ள போறவங்ககிட்ட எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு அழுவாங்க. அதனால ஊர்க்காரங்க என்ன நினைச்சாங்கன்னா, ஆகா, அவ்வளவு பெரிய யவன ஞானி மனம் திரும்பிட்டாருன்னு. சந்தோஷம்னா சந்தோஷம். கிழவிங்க அவருக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. தங்க பேரப்பிள்ளைங்களை அவர் காலைத் தொடச் சொன்னாங்க. பக்கத்து ஊர் ஆயர்கூட என்னைப் பாராட்டினாரு, உம்ம பேச்சுதான் அந்தக் கல்லையும் கரைச்சதுன்னு.

எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனம் திரும்பல. அது அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்டனை. அவர் அப்பா வெச்ச தண்டனை, அதே வாசப்படி. அப்ப அவர் நிக்கறதுக்கு என்ன அர்த்தம்? பொய் சொல்லிட்டேன்னு அர்த்தம். கல்லு இல்லன்னு அர்த்தம். வாயைத் திறந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நின்னே சொல்றாரு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. கல்லு இருந்துச்சு, மிளகுக்காரரே. இருந்துச்சுன்னு அவர்தானே சொன்னாரு? அப்புறம் எதுக்கு நிக்கணும்? வஞ்சம். வேற என்ன?

நான் ஆயர். காலையில உள்ள போகணும், மதியம் வெளிய வரணும், சாயங்காலம் மறுபடி உள்ள போகணும். ஒவ்வொரு தடவையும் அவரைத் தாண்டித்தான் போகணும். ஒரு நாள் தாங்க முடியாம கிட்டப் போய்ச் சொன்னேன். அண்ணே, உள்ள வாங்க, நானே திருமுழுக்குக் குடுக்கறேன், ஒரு முழுக்குல எல்லாம் கழுவிப் போயிடும், எல்லாப் பாவமும், அப்படின்னேன். அண்ணேன்னுதான் சொன்னேன், வாய் தவறி வந்துடுச்சு. அவர் சிரிச்சாரு.

"உள்ள வந்தா உண்மையைச் சொல்லணுமே, கொப்ரேஸ்" அப்படின்னாரு.

எனக்குத் தூக்கம் போச்சு. பிரசங்கம் பண்ணும்போது கண்ணு தானா வாசலுக்குப் போகுது. பழைய மாணவனுங்க ரெண்டு மூணு பேர் வந்து அவர் பக்கத்துல நிக்க ஆரம்பிச்சானுங்க. ஏன் நிக்கறீங்கன்னு கேட்டா, அவர் நிக்கறாரேன்னானுங்க. நான் ஆளுநர்கிட்டப் போனேன். சபையோட வாசல்ல கூட்டம் சேக்கறாரு, வழிபாட்டுக்கு இடைஞ்சல், இன்னொருத்தன் பேர்ல பலி போட்டதா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்ட ஆளு, இந்த ராஜ்யத்துக்குள்ளயே இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். ஆளுநருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? முத்திரை போட்டுக் குடுத்துட்டாரு. ராஜ்யத்தோட எல்லைக்கு வெளிய. சட்டம் சட்டம்தானே?

சேவகனுங்க அவரைக் கூட்டிட்டு வரும்போது சில்வானன் தெருவுல நின்னான். என்னைப் பாத்து, என் கண்ணைத் தோண்டினவனும் சட்டம் சட்டம்தான்னு சொல்லிட்டுத்தான் தோண்டினான்னான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா நம்ம சபை கதை ஆகப் போகுதுன்னான். அன்னைக்கே ஊரை விட்டுப் பாலைவனத்துப் பக்கம் போயிட்டானாம், அங்க துறவிங்க இருக்காங்களாம். போகட்டும். ஒத்தக்கண்ணு வெச்சுக்கிட்டு இவ்வளவு பாக்கறவன் ஊர்ல இருந்து என்ன ஆகப் போகுது?

இப்ப உதவி என்னன்னு சொல்றேன். இவரை உங்க கப்பல்ல ஏத்திக்குங்க. தொந்தரவு குடுக்க மாட்டாரு. சாப்பாடு கொஞ்சம்தான். நட்சத்திரம் பாத்துத் திசை சொல்வாரு, உங்க பிள்ளைங்களுக்குக் கணக்கும் வாதமும் சொல்லித் தருவாரு. உங்க ராஜாக்களுக்குப் படிச்சவங்களைக் கண்டா பிடிக்கும்னு கேள்விப்பட்டேன். அங்கயே இருக்கட்டும். நானே கூட வந்து ஏத்திவிடணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். பின்ன, சேவகனுங்களை நம்ப முடியுமா? அடிச்சுக் கிடிச்சுப் போட்டுடுவானுங்க. வயசானவரு.

இல்ல, நான் போய் அவர்கிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. என் அறைக்குப் போகணும்னாலே அவரைத் தாண்டித்தான் போகணும். நேத்து உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், வெளிய அவர் மூச்சு விடறது கேக்குது. அந்தச் சின்ன அறையில இருந்த மாதிரியே இருந்துச்சு.

ஏத்திக்கறீங்கதானே? நல்லது. கடவுள் உங்களுக்கு நல்ல காத்தைக் குடுக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, மிளகுக்காரரே. உங்க கப்பல்ல வாசப்படி இல்லாத இடமா ஒண்ணு இருந்தா, அவரை அங்க வைங்க. உக்காந்துக்கட்டும்.